முப்பத்தொன்றாம் மாத்திரை

காலை ஐந்தரைக்கு அன்றைய மூன்றாம் குழாய்களை எடுப்பேன். அதற்கு முன் கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடியில் முகத்தை ஒருமுறை பார்ப்பேன். எண்கூறுநர்களின் ஓய்வறையில் கண்ணாடி மாட்டியிருப்பது தலை வாருவதற்கு அல்ல. முகத்தில் ஒன்றும் இல்லை என்பதைச் சரிபார்த்துக்கொள்ளத்தான்.

இதய வால்வு மாற்றியவர்களிடம் மூன்று முறை இரத்தம் எடுக்கிறோம். அறுவை முடிந்த ஆறாம் மணியில் ஒரு குழாய், இருபத்துநான்காம் மணியில் ஒன்று, நாற்பத்தெட்டாம் மணியில் ஒன்று. ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்க வேண்டிய புரதம். தசை காயப்பட்டால் அது இரத்தத்தில் கசியும். வால்வை மாற்ற இதயத்தைத் திறக்கும்போது எல்லோருக்கும்தான் காயம் படுகிறது, எல்லோருக்கும்தான் கசிகிறது. எவ்வளவு கசிந்தது என்பதைக் குருதிப்பொறி படித்து எண்ணாகச் சொல்லும்.

முதல் இரண்டு குழாய்களின் எண்ணை நாங்கள் பார்க்கக் கூடாது. பொறி அவற்றைப் படித்துத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பார்த்துவிட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கட்டிலருகே காத்திருப்பவர்கள் அந்த இரண்டு நாளும் எங்கள் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பார்கள். ‘முதல் குழாய் சாமிக்கு, ரெண்டாவது பொறிக்கு, மூணாவது வீட்டுக்கு’ என்று எங்களுக்குள் ஒரு சொலவடை உண்டு. பதினேழு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். ஒருமுறைகூட முன்னதாகப் பார்த்ததில்லை. எனக்கு இதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

எண் ஆறாயிரத்துக்குக் கீழே இருந்தால் அவர் எங்கள் இதயக்கூடத்திலேயே இருப்பார். கட்டில், பயிற்சி, ஆயுள் முழுக்க மாத்திரை. கார்பன் வால்வைச் சுற்றி இரத்தம் உறையப் பார்க்கும். உறையாமல் காப்பது அந்த மாத்திரைதான். ஆறாயிரத்துக்கு மேலே இருந்தால் முப்பது மாத்திரை உள்ள ஓர் அட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அவ்வளவு காயம் பட்ட இதயம் ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது என்பது விதி. மாத்திரையோ கொஞ்சம்தான் தயாராகிறது. கட்டிலும் கொஞ்சம்தான்.

கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் இந்த விதி வந்தபோது யாரும் எதிர்க்கவில்லை. எங்கள் தலைமுறை முழுக்கக் குளிர்க்கூடங்களில் வளர்ந்தது. வெயில் மாதங்களில் முந்நூறு பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து, ஒரே காற்றைக் குளிரவைத்துச் சுற்றவிட்டார்கள். ஒருவருக்கு வந்த தொண்டைக் காய்ச்சல் எல்லோருக்கும் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. முப்பது வருடம் கழித்து வால்வு போயிற்று. நாற்பதைத் தாண்டிய எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கியபடி வாசலில் வந்து நின்றபோது, நடைபாதையில் கிடந்து, யாருக்கும் முகம் தெரியாமல் செத்தவர்கள் ஏராளம். அதற்கு இது மேல் என்று தோன்றியது. ஒருவர் எண் மேலே போனால் வீட்டார் எல்லோருக்கும் வேலையிலிருந்து முப்பது நாள் விடுப்பு உண்டு. அந்த முப்பது நாளில், போகப் போகிறவர் தன் பொருளையெல்லாம் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிடுவார். அதற்குக் கையளிப்பு என்று பெயர். கையளித்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

எண்ணைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. கட்டிலருகிலோ வீட்டுக்கே போயோ, நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். பெயர், மணி, எண், ஆறாயிரம் என்ற கோட்டுக்கு மேலா கீழா. ஒரே முறை. ஆறுதல் சொல்லக் கூடாது. அதன்பின் வீட்டார் ஏதாவது பேசும்வரை அங்கேயே நிற்க வேண்டும். எந்த வார்த்தையானாலும் சரி, அது வந்ததும் போகலாம். நத்தம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மூன்றே முக்கால் மணி நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தக் காத்தாடிய நிப்பாட்டுங்க, சத்தமாக் கெடக்கு” என்றார். நிறுத்திவிட்டு வந்தேன்.

நான்கு வருடங்களுக்கு முன் என் மனைவி ஞானசௌந்தரியின் எண்ணை வேறொரு எண்கூறுநர் எனக்குச் சொன்னார். எண்ணாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. நான் சொன்ன முதல் வார்த்தை “சரி.”

*

ராக்கம்மாவின் எண்ணை நான்தான் சொன்னேன். ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது. சிறுமலை அடிவாரத்தில் எங்கள் ஊரை ஒட்டி இருக்கும் ஆட்டுப் பண்ணையில் அவள் வேலை செய்தாள். அவள் புருஷன் சன்னாசி என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராக்கம்மாதான் முதலில் பேசினாள். “சரி, ஆட்டுக்கு யாரு தழை வெட்டுவா?”

அதற்கு இருபத்திரண்டாம் நாள், பகலடைப்புச் சங்கு ஊதுவதற்குச் சற்று முன் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பதினொன்றிலிருந்து நாலு வரை வெயிலில் யாரும் வெளியே இருக்கக் கூடாது. எனக்கு முன்னே மேட்டுப் பாதையில் ஒரு பெண் தலையில் அகத்திக் கட்டோடு வேகமாக ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த ஆட்டுக்குட்டி ஒன்று முந்தானையை இழுத்தபோது திரும்பி அதை வைதாள். அப்போதுதான் முகம் தெரிந்தது.

“என்னங்கய்யா, பேயப் பாத்த மாதிரி பாக்குறீக? இன்னும் எட்டு நாளு இருக்குல்ல?” என்றாள் ராக்கம்மா.

“நீங்க கட்டெல்லாம் தூக்கக் கூடாது.”

“வீட்டுல உக்காந்து என்னத்தச் செய்ய? எல்லாத்தையும் குடுத்தாச்சு. வெளக்கி வைக்கக்கூட ஒரு ஏனம் இல்ல. இந்த மனுசன் வேற, நான் போனப்பறம் ஆக்கித் திங்கணும்ல, இப்பவே பழகிக்கிறேன்னு அடுப்பக் கட்டிக்கிட்டு அழுகுறாரு. அவரு வைக்கிற ரசத்தக் குடிச்சா முப்பது நாளு தாங்குறதே கஷ்டம்.”

“மூச்சு வாங்கலையா?”

“எங்க வாங்குது? வால்வு போடுறதுக்கு முந்தி இந்த மேட்டுல மூணு எடத்துல உக்காருவேன். இப்ப ஒரே நடை.” பிறகு, எனக்கு எடுத்துச் சொல்வதுபோல், “அணையப் போற வெளக்குல்லய்யா. அதான் இம்புட்டு வெளிச்சம்” என்றாள்.

சங்கு ஊதியது. அவள் பண்ணைக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கதவுகளை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். பகலடைப்பில் ஊரே ஓசையற்றுப் போகும். அந்த நேரத்தில் வால்வு வைத்தவர் வீட்டில் இருந்தால் அதன் சத்தம் கேட்கும். சின்னக் கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்ததுபோல ஒரு சத்தம். சௌந்தரி இருந்த நாட்களில் இந்த அறையில் அதைக் கேட்டுக்கொண்டே மத்தியானங்களைக் கழித்தேன். அவளும் அதே பண்ணையில்தான் வேலை பார்த்தாள். அவளும் பத்தொன்பதாம் நாள் கண்மாய்க் கரைவரை நடந்துபோய்விட்டு வந்து, “எனக்கு நல்லாத்தாங்க இருக்கு” என்றாள். அணையப் போகிற விளக்கு என்று நான்தான் அவளிடம் சொன்னேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதன்பிறகு நல்லாயிருக்கு என்று ஒருமுறையும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் மாத்திரை தீர்ந்தது. நாற்பத்தோராம் நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

*

மறுநாள் காலை, பதினேழு வருடத்தில் முதல்முறையாக, ஒருவரின் மூன்று எண்களையும் கேட்டேன். எதற்காக என்று பொறி கேட்டது. ‘சரிபார்ப்பு’ என்று எழுதினேன். அது காட்டியது.

ஒன்பதாயிரத்து நூற்றிருபது. ஒன்பதாயிரத்து நூற்றைம்பத்தைந்து. ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது.

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காயம்பட்ட இதயத்தின் எண் ஓரிடத்தில் நிற்காது. முதலில் ஏறும், பிறகு இறங்கும். எவ்வளவு மோசமான காயமானாலும் அசையும். இது இரண்டு நாளும் ஆணி அடித்ததுபோல நின்றிருந்தது. முதல் எண்ணையும் இரண்டாவதையும் யாராவது பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். பார்க்காமல் இருப்பதுதான் எங்கள் ஒழுக்கம்.

பொறி வருவதற்கு முந்தைய காலத்தில் நான் லேப் உதவியாளனாக இருந்தேன். அப்போது, சந்தேகம் வந்தால் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. இரத்தத்தில் சரிபாதி உப்புநீர் கலந்து மறுபடி பார்ப்பது. உண்மையான எண் என்றால் சரியாகப் பாதியாகும். குளிரறையிலிருந்து ராக்கம்மாவின் மூன்றாம் குழாயை எடுத்து, கலந்து, பொறியில் வைத்தேன். நாலாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வர வேண்டும். நானூற்றுப் பத்து வந்தது. உண்மையில் இருந்த ட்ரோபோனின் மிகவும் கொஞ்சம். மற்றதெல்லாம் வேறெதோ.

அது எது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பொறி ட்ரோபோனினைப் பிடிப்பது பிடிபுரதத்தால். ஒரு பிடிபுரதம் அதைக் கீழிருந்து பற்றிக்கொள்ளும், இன்னொன்று மேலிருந்து பற்றி ஒளிரும். அந்த ஒளியைத்தான் எண்ணாகப் படிக்கிறோம். பிடிபுரதம் வருவது எங்கள் ஊர்ப் பண்ணை ஆடுகளின் இரத்தத்திலிருந்து. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவற்றிடம் இரத்தம் எடுப்பார்கள். ஆட்டைப் பிடித்து நிறுத்துபவர்கள், கடிபட்டு, கீறல்பட்டு, காய்ச்சாத பால் குடித்து, அதன் மூச்சிலேயே இருப்பவர்கள். அவர்கள் உடம்பு ஆட்டுப் புரதத்தை அந்நியம் என்று கண்டு, அதைப் பிடிக்கத் தன் புரதம் ஒன்றைச் செய்துகொள்கிறது. அது குழாயில் விழுந்ததும் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. நடுவில் ட்ரோபோனின் இல்லாமலே ஒளி வருகிறது.

ஆட்டுவாடை இதயத்துக்கு ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். பண்ணை ஆட்கள் எல்லோருக்கும் எண் மேலேயே போகிறது என்பதற்கு அதுதான் காரணம் என்று நானும் நம்பியிருந்தேன்.

*

டாக்டர் தில்லைநாயகம் எங்கள் கூடத்தின் பொறுப்பாளர். எண்களை இரண்டுமுறை படித்தார்.

“உப்புத்தண்ணி கலந்து பாத்தீங்களா? இந்தப் பழைய வித்தைய இன்னும் மறக்கலையா நீங்க?”

“அந்தம்மாவுக்கு இன்னும் ஏழு மாத்திரைதான் சார் இருக்கு.”

“தெரியுது. ஆனா ஒரு குழாய் பத்தாது அருளப்பன். விதி உங்களுக்கே தெரியும். ஒண்ணுன்னா பிழைன்னு எழுதி மூடிடுவாங்க. ரெண்டுன்னா தற்செயல். ஒரே காரணத்தோட மூணு காட்டினாத்தான் மறுநோக்கு. மறுநோக்கு வந்தாத்தான் எண் மாறும். எண் மாறினாத்தான் மாத்திரை.”

“அதுவரைக்கும் ஒரு அட்டை மட்டும்...”

“மாத்திரை அலமாரி எண்ணப் பாத்துத்தான் திறக்குது. என் கைரேகைக்கே திறக்காது. நான் முயற்சி பண்ணினதில்லன்னு நெனைக்கிறீங்களா?” அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஒண்ணு யோசிச்சீங்களா? நம்ம எண் பொய்க்கிறதே இல்லன்னு ஊரெல்லாம் பேச்சு. கோட்டுக்கு மேல போன ஒருத்தருக்காவது நாம முப்பத்தொண்ணாவது மாத்திரை குடுத்துப் பாத்திருக்கோமா?”

வெளியே தள்ளுவண்டி ஒன்று போனது.

“பண்ணைல வால்வு மாத்தினவங்க வேற யாரு?” என்றார்.

“சடையாண்டின்னு ஒருத்தர். ரெண்டு வருஷம் முந்தி.”

“குழாய் அஞ்சு வருஷம் இருக்கும். எடுத்துப் பாருங்க. மூணாவது?”

நான் மேசையில் இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். அவர் பட்டியலைத் திரையில் தேடினார். தேடிய கை பாதியில் நின்றது.

“அருளப்பன்... வேற யாரையாவது விட்டு எடுக்கச் சொல்றேன்.”

“வேணாம் சார். அது என் வேலைதான். நானே பாத்துக்கிறேன்.”

*

சடையாண்டியின் குழாயை அன்றே பார்த்தேன். பதினோராயிரத்து முப்பது என்று இருந்தது, உப்புநீர் கலந்ததும் அறுநூற்றிருபது ஆயிற்று. எழுதி வைத்தேன். அவர் வீட்டில் எண்ணைச் சொன்னவனும் நான்தான். அவர் மகள் என்னிடம் “மோர் குடிக்கிறீங்களா?” என்று கேட்டாள். அது நினைவிருக்கிறது.

மூன்றாவது குழாயை எடுக்கவில்லை.

இருபத்துநான்காம் நாள் குளிரறைக் கதவுவரை போனேன். இருபத்தைந்தாம் நாள் கதவைத் திறந்து, தட்டைக்கூட இழுத்தேன். ஞானசௌந்தரி என்று என் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது. குழாயை எடுத்து ஒட்டியதும் நான்தான், எண்ணைச் சொல்ல மட்டும்தான் எனக்கு அனுமதி இல்லை. தட்டை உள்ளே தள்ளிவிட்டு வந்தேன். இருபத்தாறு, இருபத்தேழு அப்படியே போயின. ராக்கம்மாவின் அட்டையில் நாளொரு குழி காலியாகிக்கொண்டிருப்பது தெரிந்தேதான் இருந்தேன். ஒவ்வொரு காலையும் மூன்றாம் குழாய்கள் எடுத்தேன், வீடுகளில் நின்று எண் சொன்னேன். என் முகத்தில் ஒன்றும் இல்லை. சௌந்தரி இறந்துவிட்டாள் என்பது எனக்குப் பழகியிருந்தது. அவள் இறந்திருக்க வேண்டியதில்லை என்பதோடு எப்படி வாழ்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இருபத்தெட்டாம் நாள் சன்னாசி என்னைத் தேடி இதயக்கூடத்துக்கு வந்தான். சட்டை கசங்கியிருந்தது. விரலில் நெருப்புக் கொப்புளம் ஒன்று.

“அய்யா, ஒரு சந்தேகம். யார்கிட்டக் கேக்குறதுன்னு தெரியல.”

“சொல்லுங்க.”

“கடைசி மாத்திரைய காலைல குடுக்கணுமா, ராத்திரி குடுக்கணுமா? இத்தன நாளும் காலைலதான் குடுத்தேன். கடைசி நாளு மட்டும் ராத்திரிக்குத் தள்ளுனா, அரை நாளு கூடக் கெடைக்குமாய்யா?”

நான் அவனைப் பார்த்தேன்.

“அவளுக்குத் தெரியாது, நான் கேட்டேன்னு. வைவா. இன்னக்கிக்கூட, ரசத்துல புளி பத்தலன்னு கொட்டிட்டு அவளே வச்சா. ரெண்டு நாளைக்கி எதுக்கு இந்த வீம்புன்னு கேட்டேன். ரெண்டு நாளைக்கும் நாக்கு இருக்குல்லன்னா.” அவன் சிரிக்க முயன்றான். “அரை நாளு கெடைக்குமாய்யா?”

“வழக்கம்போலக் காலைலயே குடுங்க” என்றேன். “முப்பத்தோராம் நாள் காலைல வீட்டுல இருங்க. நான் வருவேன்.”

அவன் அதைத் தவறாகத்தான் புரிந்துகொண்டிருப்பான். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

நேராகக் குளிரறைக்குப் போனேன். குழாயை உள்ளங்கையில் வைத்து உருகவிட்டேன். வெதுநீரில் வைத்தால் சீக்கிரம் உருகும். ஆனால் கையில்தான் வைத்திருந்தேன். அவளுடையது என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அவளே கையளித்துவிட்டிருந்தாள். பாதி எடுத்தேன், உப்புநீர் சேர்த்தேன், பொறியில் வைத்தேன். பதினெட்டு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அவளுடைய மூன்று எண்களையும் வரவழைத்தேன். எண்ணாயிரத்து நானூறு. எண்ணாயிரத்து நானூற்று முப்பது. எண்ணாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

பொறி மணி அடித்தது. முந்நூற்று அறுபத்தைந்து.

ஓய்வறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தும் ஒன்றும் வரவில்லை.

*

மூன்று குழாய்களும் டாக்டர் மூலம் மேலே போயின. முப்பதாம் நாள் மாலை ராக்கம்மாவின் எண் மாறியது. முப்பத்தோராம் நாள் காலை அலமாரி எனக்குத் திறந்தது. அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினேன். எனக்குத்தான் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஒரு பாய், ஓர் அடுப்பு, ஒரு மண்சட்டி. ராக்கம்மா குளித்துப் புதுப்புடவை கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். சன்னாசி சுவரோரம் நின்றான். நான் நின்றபடி முறைப்படி சொன்னேன்.

“ராக்கம்மா. நாற்பத்தெட்டாம் மணி. மறுநோக்கில் எண்ணூற்று இருபது. கோட்டுக்குக் கீழே.”

வால்வின் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு சின்ன அறையில் அது பெரிதாகக் கேட்டது. சன்னாசி சுவரில் சரிந்து அப்படியே குந்தினான். சந்தோஷப்பட வேண்டும் என்று அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் அதை எங்கே வைத்தோம் என்று தேடுபவர்கள்போல இருந்தார்கள்.

கடைசியில் ராக்கம்மா பேசினாள். “அப்ப நான் சாகலையா?”

முறைப்படி நான் போகலாம். ஆனாலும், “இல்லம்மா. பொறி சொன்னது தப்பு” என்றேன். ஆட்டைப் பற்றியும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“உசுரத் திருப்பிக் குடுத்துட்டீக. என் சருவச்சட்டிய யாரு திருப்பிக் குடுப்பா?” என்றாள். “என் நாத்தனாளுக்குல்ல குடுத்துத் தொலைச்சேன். அவ அதுல மாட்டுக்குத் தண்ணி வைக்கிறா.”

“கையளிச்சதக் கேக்கக் கூடாது” என்றான் சன்னாசி, தரையைப் பார்த்தபடியே.

“கேக்கல. சொல்லக் கூடாதா?” மாத்திரை ஒன்றைப் பிரித்தாள். தண்ணீர் குடிக்க டம்ளர் இல்லை. சன்னாசி மண்சட்டியில் மொண்டு வந்து கொடுத்தான். அவள் அண்ணாந்து விழுங்கினாள். பிறகு அவனைப் பார்த்து, “ஏய்யா, முப்பது நாளா என்னய ஒரு பெரிய மனுசியப் பாக்குற மாதிரிப் பாத்த. இனிமே எப்படிப் பாப்ப?” என்று கேட்டாள். அவள் பக்கம் திரும்பவே பயந்ததுபோலக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள். “அய்யா. சௌந்தரியக்காவும் எங்ககூடத்தான ஆடு புடிச்சுச்சு?”

“ஆமா.”

அவள் கையிலிருந்த அட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

*

மறுநோக்கில் எண் மாறினால், இறந்தவராக இருந்தாலும், நெருங்கிய உறவினருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அந்த விதியை அதுவரை நாங்கள் யாரும் செய்துபார்த்ததில்லை. பத்து நாள் கழித்து ஒரு காலை, எங்களில் இளையவளான புஷ்பம் என் வீட்டுக்கு வந்தாள். என்னிடம்தான் வேலை கற்றுக்கொண்டவள். முதல் இரண்டு குழாய்களைப் பார்க்காதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

“உள்ள வரலாமாண்ணே?”

“வா.”

வந்து அறை நடுவில் நின்றாள். கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டாள். முகத்தை நான் சொல்லிக்கொடுத்தபடி வைத்துக்கொண்டாள்.

“ஞானசௌந்தரி. நாற்பத்தெட்டாம் மணி. மறுநோக்கில் எழுநூற்று முப்பது. கோட்டுக்குக் கீழே.”

எனக்குத் தெரிந்த எண்தான். முந்நூற்று அறுபத்தைந்தின் இரட்டிப்பு. என் கையால் கண்டுபிடித்தது. ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் அது வீட்டுக்குள் வந்தது.

புஷ்பம் காத்திருந்தாள். நான் எத்தனையோ வீடுகளில் நின்ற இடம் அது. இந்தப் பக்கம் எவ்வளவு அமைதி என்று அங்கே நிற்பவர்களுக்குத் தெரியாது. ஏதாவது சொன்னால் அவள் போய்விடுவாள். சரி என்று சொல்லலாம். அதை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மோர் குடிக்கிறாயா என்று கேட்கலாம். காற்றாடியை நிறுத்தச் சொல்லலாம். வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கித் தரையில் முதல் கட்டத்தைத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. அவள் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினாள். பகலடைப்புச் சங்கு ஊதியது. கதவை நான் அடைக்கவில்லை, அவளும் அடைக்கவில்லை. ஊர் ஓசையடங்கியது. அந்த ஓசையின்மையில் கேட்க வேண்டிய சத்தம் ஒன்றை என் காது தேடிக்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

“நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா, புஷ்பம். கண்மாய்க் கரைவரைக்கும் போயிட்டு வந்து சொன்னா.”

முறைப்படி இனி அவள் போகலாம். அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எண்கூறுநர் யாரும் எந்த வீட்டிலும் செய்யாததைச் செய்தாள். என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.